கண்டம்

அவர் எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். வார்டுக்கு ஒரு டஜன் கையுறை போனாலும் ரெஜிஸ்டரில் முதலில் மெல்லிய பென்சில் எழுத்து விழும். மாலை நான்கு மணிக்கு மேல், அன்று எழுதியவற்றை ஒவ்வொன்றாக வாசித்து, சரி என்று தனக்குத் தானே தலையசைத்து, அதே எழுத்தின்மேல் பேனாவை ஓட்டுவார். பேனா ஓடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். வரி முடிந்ததும் விடுவார். எதிர் மேசையில் இருந்த எனக்கு அந்த மூச்சு கேட்கும்.

"மை உணங்கிட்டா பின்ன அது நம்ம கையில இல்ல மக்கா," என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டரை வருடம் நான் அந்த ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்தேன். பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே, ரப்பர் தோட்டங்களுக்கு மத்தியில் ஓர் ஓட்டுக் கட்டடம். சில வார்டுகள், ஒரு பிரசவ அறை, ஓர் ஆபீஸ் அறை, அதை ஒட்டி ஸ்டோர். கோப்புகள் மலையாளத்தில் ஓடின; பேச்சு பாதிக்கு மேல் தமிழில் ஓடியது. ஸ்டோர் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்து நான்கு. அந்த மாநிலத்தில் ஐம்பத்தைந்தில் ஓய்வு. எல்லோரும் 'ஸ்டோர் சாறு' என்று கூப்பிட்டோம்; சார் அங்கே சாறு. அவருடைய பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பயந்த மனிதர். ஆனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர் இல்லை. ஒரு மழைக்காலத்தில் ஸ்டோருக்குள் விரியன் புகுந்துவிட்டது. நர்ஸுகள் மேசைமேல் ஏறினார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். அவர் ஒரு துடைப்பக் கம்பால் பாம்பை ஒதுக்கி, பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி, அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தார்.  திரும்பி வந்து வாளியைப் பார்த்த பிறகுதான் முகம் வெளுத்தது.

"எனக்க தெய்வமே, இது புது வாளியாக்கும். ஸ்டாக்கில இன்னும் ஏத்தல்ல. ஏத்துததுக்கு முன்ன உபயோகிச்சாச்சே."

அன்று மாலைவரை அந்த வாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் ஸ்டோர் பார்த்தவர், அவசரத்துக்குச் சளி உறிஞ்சும் மோட்டாரின் உதிரிப் பாகம் ஒன்றை மூன்று கொட்டேஷன் வாங்காமல் கடையில் நேராக வாங்கிவிட்டார். நோயாளி பிழைத்தார். தணிக்கைக்காரர்கள் ஆட்சேபம் எழுதினார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதரின் ஓய்வூதியம் நின்றுபோனது. மாதம் ஒருமுறை தனுவச்சபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஆபீஸ் வாசல் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். "வல்லதும் வந்துதா?" என்று கேட்பார். ஒன்றும் வந்திருக்காது. ஒரு மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஸ்டோர் சாறு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கால் வலித்தால் சுவரில் சாய்ந்து நிற்பார்.

எனவே எல்லாம் விதிப்படி. விதிப்படி வாங்கிய ஒரு ட்ராலி வராந்தாவில் கிடந்தது. மேலிடத்திலிருந்து வந்த அளவுக் குறிப்பின்படி, மூன்று கொட்டேஷனில் குறைந்ததை எடுத்து வாங்கியது. வந்து இறங்கியபோது வார்டுக் கதவைவிட இரண்டு அங்குலம் அகலம். அவர் டேப்பை வைத்து மூன்று முறை அளந்தார். பிறகு 'குறிப்பில் கண்ட அளவுப்படி பெறப்பட்டது' என்று எழுதினார். நோயாளிகளின் உறவுக்காரர்கள் அதன்மேல் துணி உணக்கினார்கள்.

"சாறே, கதவுக்கு ஒரு டெண்டர் விட்டுருவமா?" என்று ஜீப் டிரைவர் கேட்டார்.

"கதவு மராமத்து இலாகாவுக்க சொத்தாக்கும். நமக்கு அதில அதிகாரம் இல்ல," என்றார் அவர். கேலி என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்தும் காட்டிக்கொள்ளாமல் இருந்தாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ட்ராலி யாரையும் கொல்லாது. ஆட்டோகிளேவ் கொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிரசவ அறைக் கத்தரிகளையும் துணிகளையும் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் பாத்திரம் அது. இடுப்பளவு உயரம், செம்பு உடம்பு, வெண்கல வார்ப்பு மூடி. மூடியைச் சுற்றி ஆறு காதுகள். ஒவ்வொரு காதிலும் ஒரு போல்ட்டும் முறுக்கும் நட்டும். நான் அங்கே சேர்வதற்கு வெகு காலம் முன்பே வந்த இயந்திரம். அழுத்தம் மிகுந்தால் தானாகத் திறக்க வேண்டிய வால்வு ஒழுகுகிறது என்று யாரோ ஒரு காலத்தில் கம்பியால் கட்டியிருந்தார்கள். மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்துக்குப் பதில் லாரி டியூபை வெட்டி வைத்திருந்தது. அழுத்தம் காட்டும் முள் சில நாள் அசையும், சில நாள் கண்ணாடியைத் தட்டினால்தான் அசையும்.

அதை ஓட்டியவள் ஸ்டெல்லா, அட்டெண்டர். கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைக்காரி; முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வருவாள். அவளுக்கு அது ஆட்டோகிளேவ் இல்லை, குட்டுவம். கல்யாண வீட்டில் சோறு பொங்கும் பெரிய செம்புப் பாத்திரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

காலை ஒன்பது மணிக்கு அவள் மூடியை ஏற்றுவாள். ஆறு நட்டையும் எதிரெதிராக முறுக்குவாள். சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைப் போடுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் ஆஸ்பத்திரி காலியாகும். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ஊசி போடும் நர்ஸுக்கு வெளியே ஒரு வேலை வந்துவிடும். டாக்டரம்மாவுக்கு வெளிநோயாளிகள் நினைவு வரும். நான் தபால் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ அறை. அங்கே படுத்திருக்கும் பெண்களுக்கு வெளியே போக வழியில்லை. இந்தப் பக்கம் ஸ்டெல்லா. அழுத்தம் ஏறி, இருபது நிமிடம் நின்று, இறங்கும்வரை அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

புது இயந்திரம் வாங்கச் சொல்லி ஸ்டோர் சாறு எழுதாமல் இல்லை. எழுதினார், பென்சிலிலும் பிறகு பேனாவிலும். பழையதைக் கண்டம் செய்த சான்றிதழை இணைக்கும்படி பதில் வந்தது. கண்டம் என்றால் பயனற்றது என்று தள்ளுபடி செய்வது. 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் ஆபீஸ் வாய்களில் தேய்ந்து அப்படி ஆகியிருந்தது. கண்டம் செய்யச் சொல்லி எழுதினார். இயந்திரம் இயங்கவில்லை என்று பொறியாளர் சான்றளித்தால்தான் கண்டம் செய்யலாம் என்று பதில் வந்தது. பொறியாளருக்கு எழுதினார். இயந்திரம் தினமும் இயங்குவதாக உங்கள் கடிதமே கூறுகிறது, எனவே ஆய்வு தேவைப்படவில்லை என்று அவர் எழுதியிருந்தார்.

"ஓடாதுண்ணு எழுதுங்க சாறே," என்றேன்.

"ஓடுததை ஓடாதுண்ணு எப்பிடி எழுத மக்கா?"

ரப்பர் வளையத்துக்கும் அதே கதை. சரியான வளையம் களியக்காவிளையில் கிடைத்தது. நடந்தே போகலாம். எங்கள் ஊர்க்காரர்கள் அரிசியும் மரக்கறியும் மீனும் அங்கேதான் வாங்குவார்கள். அவரும் அங்கேதான் வாங்குவார்.

"சாறு அரிசி வாங்குத கடைக்கு அடுத்த கடையில தொங்குது, நான் கண்டேன்," என்றாள் ஸ்டெல்லா.

"அது வேற ஸ்டேட்டாக்கும் பிள்ளே. நம்ம லிஸ்டில உள்ள கடை இல்ல."

"அரிசி மட்டும் ஒரே ஸ்டேட்டா?"

"அரிசிய நான் ஸ்டாக்கில ஏத்துதது இல்லியே."

ஒரு நாள் அவள் ஸ்டோர் ஜன்னலில் கை ஊன்றி நின்றுகொண்டு கேட்டாள். "சாறே, கண்டம் கண்டம்ணு எழுதுகியளே, கண்டம் குட்டுவத்துக்கா, எனக்கா?"

தமிழில் அந்தச் சொல்லுக்கு ஜாதகத்தில் வரும் உயிராபத்து என்றும் பொருள் உண்டு. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ரெஜிஸ்டரை மூடினார். 

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதே கால் மணிக்கு, நான் வாசலில் நிற்கும்போது, சுத்தியலால் சுவரில் ஒரே ஓர் அடி அடித்த மாதிரிச் சத்தம் வந்தது. தொடர்ந்து நீராவியின் சீறல். பிரசவ அறையில் ஒரு பெண் கத்தினாள். அது பிரசவ வலியா பயமா என்று தெரியவில்லை. யாரும் உள்ளே ஓடவில்லை. நானும் ஓடவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

ஸ்டோர் சாறுதான் போனார். சீறல் அடங்கியபின் நாங்கள் போய்ப் பார்த்தபோது ஸ்டெல்லா மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு போல்ட் முறிந்து நட்டோடு பறந்து சுவரில் ஏறியிருந்தது. அவர் ஸ்கேலை எடுத்து வந்து ஓட்டையின் ஆழத்தை அளந்தார். ஒன்றே கால் அங்குலம். தரையிலிருந்து உயரத்தை அளந்தார். பிறகு, "பிள்ளே, இங்க வந்து கொஞ்சம் நில்லு," என்றார்.

அவள் சுவரோடு சேர்ந்து நின்றாள். ஓட்டை அவளுடைய இடது காதுக்கு நேராக இருந்தது.

"எழுதிக்கிடுங்க சாறே," என்றாள் அவள். "காதுண்ணு எழுதுங்க."

அவர் எழுத முயன்றார். பென்சில் முனை முறிந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் முறிந்தது.

அன்று அவர் எழுதி அனுப்பிய கடிதத்துக்குப் பலன் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து பொறியாளர் இயந்திரத்தைப் பார்த்து முடிவு செய்ய வருவதாகத் தேதி குறித்துப் பதில் வந்தது. பதிலின் தலைப்பில் 'இன்ஸ்பெக்ஷன்' என்று இருந்தது. கேடு அந்தச் சொல்லில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் அனைவருக்கும் தெரியும். தரை கழுவ வேண்டும். ஒட்டடை அடிக்க வேண்டும். பெட்ஷீட் மாற்ற வேண்டும். யாரும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

"மேலிடத்துக்காரன் வாறானாக்கும். தூசி கண்டா அதை வச்சே எழுதுவான்," என்று அறை அறையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

மூன்று நாள் வேலை நடந்தது. ஸ்டெல்லா புளியும் சாம்பலும் போட்டுச் செம்பைத் தேய்த்தாள். அது புதுப் பெண் மாதிரி ஆனது. கால்களுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள். முறிந்த போல்ட் இருந்த இடம் காலியாக இருந்தால் அசிங்கம் என்று டிரைவர் தனக்குத் தெரிந்த பட்டறையில் புதிதாக ஒன்று கடைந்து கொண்டுவந்தார். வால்வைக் கட்டியிருந்த கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கழற்றிப் புதுக் கம்பி கட்டி, அதன்மேலும் பெயின்ட் ஓட்டினார்கள். கடைசியாக அவர் சுவரைப் பார்த்தார். ஓட்டை. சிமென்ட் பூசச் சொன்னார். வெள்ளை அடிக்கச் சொன்னார். காயும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார்.

பொறியாளர் பதினொரு மணிக்கு வந்தார். மரியாதையான மனிதர். இளநீர் குடித்தார். இயந்திரத்தைச் சுற்றி வந்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். அன்று முள் தட்டாமலே ஏறிப் பதினைந்தில் நின்றது. ஒரு பொட்டு நீராவிகூடக் கசியவில்லை.

"இது நல்ல கண்டீஷன் ஆணல்லோ. பின்னே எந்தா பிரச்னம்?" என்றார் மலையாளத்தில்.

போல்ட் பறந்ததைச் சொன்னோம். எங்கே என்று கேட்டார். ஸ்டோர் சாறு கையை நீட்டினார். நீட்டிய கை சுவரின் வெண்மையில் ஓர் இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. பொறியாளர் சுவரைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய சுண்ணாம்பைக் கைக்குட்டையில் துடைத்தார்.

'நன்கு பராமரிக்கப்பட்டுள்ளது. உபயோகத்துக்கு உகந்தது' என்று அவருடைய அறிக்கை வந்தது. பராமரித்தவர்களைப் பாராட்டவும் செய்திருந்தார்.

முன்பெல்லாம் பயம் மிகுந்த நாட்களில் டாக்டரம்மா, "இண்ணு ரிப்பேர்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் கத்தரிகளைக் கொதிக்க வைக்க அனுமதிப்பார். இப்போது அதற்கு வழியில்லை. உபயோகத்துக்கு உகந்த இயந்திரத்தை உபயோகிக்காமல் இருந்தால் அது குற்றம். காகிதம் ஸ்டெல்லாவை அந்த அறையில் வைத்துப் பூட்டியது.

அறிக்கை வந்த நாளில் அவர் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கவில்லை. "வெள்ள அடிக்கச் சொன்னது நானாக்கும்," என்றார்.  மறுநாளும் அதையே சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கு நாங்கள் வெளியே போகும்போது அவர் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார். ஆட்டோகிளேவ் அறையின் நிலைப்படியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். உள்ளே போகமாட்டார். வெளியேயும் வரமாட்டார். சட்டையின் முதுகு நனைந்திருக்கும்.

"இங்க நிண்ணா சாறுக்க மேலயும் கொள்ளும். போங்க," என்பாள் ஸ்டெல்லா.

"பின்ன நீ?"

"எனக்குச் சம்பளம் தருகினும்லா."

"எனக்கும் தருகினும்."

ஒரு நாள் அவரிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "எனக்க மாப்பிள கடலுக்குப் போறவரு சாறே. இவ்வளவு காலம் நான் கரையில இருந்து அவருக்காட்டு ஜெபிச்சேன். இப்பம் அவரு வள்ளத்தில இருந்து எனக்காட்டு ஜெபிக்காராம். சிரிப்பு வருகு."

அவள் சிரித்தாள். நட்டு முறுக்கும் கை நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து லாரி டியூப் ஒரு பக்கம் கிழிந்தது. நீராவி அவளுடைய வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோலை எடுத்துவிட்டது. அவர் ஸ்டோரிலிருந்து தீப்புண் களிம்பைக் கொண்டு வந்து தாமே பூசினார். அதோடு முள்ளும் நின்றுவிட்டது. தட்டினாலும் அசையவில்லை. புது அழுத்தமானிக்கு மூன்று கொட்டேஷன் கேட்டுக் கடிதம் போனது. அதுவரை இயந்திரத்தை நிறுத்தலாமா என்று டாக்டரம்மா போனில் கேட்டார். சான்றளித்து மூன்று மாதம்தானே ஆகிறது என்று பதில் வந்தது.

கையில் கட்டோடு ஸ்டெல்லா வேலைக்கு வந்தாள்.

"முள்ளு செத்துப்போச்சு," என்றாள் அவரிடம். "இப்பம் சத்தம் வச்சாக்கும் பாக்கேன். உர்ருண்ணா குழப்பமில்ல. ஈண்ணா அணைச்சிருவேன்."

"ஈண்ணு கேட்டப்பறம் நேரம் கிடைக்குமா பிள்ளே?"

அவள் யோசித்தாள். "இதுவரை கிடைச்சிருக்கு," என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் எட்டரை மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். அவர் முன்னமே வந்திருந்தார். மேசையில் ரெஜிஸ்டர் விரிந்திருந்தது. அதில் புது வரி ஒன்று. நேராகப் பேனாவில் எழுதியது. அடியில் பென்சில் இல்லை. மலையாளத்தில் இருந்ததை நினைவிலிருந்து தருகிறேன்: 'இன்று காலை ஒன்பது மணிக்கு, ஸ்டோர் பொறுப்பாளனாகிய என் கையால், என் கவனக்குறைவினால், ஆட்டோகிளேவின் மூடி உடைந்து உபயோகமற்றதாகிவிட்டது.' கீழே கையெழுத்து.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு முப்பத்தேழு.

"சாறே, மணி இன்னும் ஒம்பது ஆகல்லியே."

"அறியும்."

"மெஷின் உடையவும் இல்லியே."

"எழுதியாச்சு மக்கா." பேனாவை மூடினார். "எழுதாம அங்க போனா எனக்குத் தைரியம் வராது. எழுதிட்டேன்லா, இனி அது பொய்யாட்டு இருக்கக் கூடாது."

அவருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. அதைச் சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். அலமாரியைத் திறந்து, சீட்டுக் கட்டிய புதுச் சுத்தியல் ஒன்றை எடுத்தார். வழங்கல் ரெஜிஸ்டரில் அதைத் தம் பேரில் எழுதிக்கொண்டார். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். நான் பின்னால் போனேன்.

ஸ்டெல்லா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் சுவிட்ச் போடவில்லை.

"நீ வெளிய போ பிள்ளே."

"எதுக்கு?"

"போ எண்ணேன்."

சுத்தியலைப் பார்த்தாள். வெளியே வந்து நிலைப்படியில் என் பக்கத்தில் நின்றாள்.

முதல் அடி, நோயாளி தூங்கும் அறைக் கதவைத் தட்டுவது போல இருந்தது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது அடி மூடியில் வழுக்கிச் செம்பில் ஒரு சிறு பள்ளம் போட்டது. மூன்றாவது அவருடைய இடது கைப் பெருவிரலில் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டார். மூடியின் காதுகள் ஆறும் அப்படியே இருந்தன. மறுபடி அடித்தார். மறுபடி. நெற்றியிலிருந்து வேர்வை மூடியின்மேல் சொட்டியது. இத்தனை மாதம் எங்கள் எல்லோரையும் வெளியே துரத்திய இயந்திரம், உடைக்க வேண்டிய அன்று உடைய மறுத்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பதாகப் போகுது," என்றார். எங்களிடம் சொன்னது போல இல்லை. "ஒம்பதுண்ணாக்கும் எழுதியிருக்கேன். ஒம்பதாகப் போகுதே."

ஸ்டெல்லா உள்ளே போனாள்.

"இஞ்ச தாருங்க சாறே. தேங்கா சில்லு தட்டுத மாதிரி தட்டினா உடையுமா?"

கட்டுப் போட்ட கையால் மூடியை அழுத்திக்கொண்டு, மறுகையால் சுத்தியலைத் தோளுக்கு மேல் ஓங்கி, ஒரே அடி. ஒரு காது முறிந்து சிமென்ட் தரையில் விழுந்து, சுழன்று, என் கால் வரை வந்தது. முறிந்த இடத்தில் பாதிக்கு மேல் பழைய கறுப்பு. பல வருட வெடிப்பு. இன்னோர் அடி. அடுத்த காதும் போனது. பிறகு அவள் சுத்தியலைத் தாழ்த்தி மூச்சு வாங்கினாள். எங்கள் மூன்று பேருக்கும் அந்த அறையில் இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

அவர் அப்படி நினைக்கவில்லை. முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். வாளியைப் பார்த்தபோது இருந்த அதே முகம்.

"நீ உடைச்சிட்ட பிள்ளே."

"உடையட்டும்ணுதானே சாறே வந்திய?"

"என் கையாலண்ணாக்கும் எழுதியிருக்கு."

"யாருக்க கையானா என்ன?"

"நாளைக்கு விசாரணை வரும். உன்னக் கேப்பான். இவனக் கேப்பான். நீங்க என்ன சொல்லுவிய? பொய் சொல்லணுமே. எனக்காட்டு நீங்க பொய் சொல்லி, அது பொய்யிண்ணு தெரிஞ்சா, உனக்க வேலை போகும். இவனுக்க வேலையும் போகும்."

  எங்கள் வேலை போகும் என்ற எண்ணம் அதுவரை எனக்கு வரவில்லை. அவர் சொன்னதும் வந்தது.

அவர் அவளிடமிருந்து சுத்தியலை வாங்கினார். "ரெண்டுபேரும் நல்லா பாத்துக்கிடுங்க," என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். முறிந்துபோன காதின் மிச்சத்தின்மேல் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஒன்றும் உடையவில்லை, உடைய அங்கே ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்து, "கண்டியளா?" என்று கேட்டார். கண்டோம் என்றோம். சுத்தியலின் பிடியைச் சட்டைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.

இயந்திரம் மூன்று வாரத்தில் கண்டம் ஆனது. அவசர வகையில் புதியது வாங்க உத்தரவு வந்தது. வந்து சேர ஐந்து மாதம் பிடித்தது. அதுவரை கத்தரிகளும் துணிகளும் ஜீப்பில் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தன. புது இயந்திரத்தை அவர் பார்க்கவில்லை. அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வூதியம் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது.

விசாரணை ஆஸ்பத்திரியின் ஆபீஸ் அறையில் நடந்தது. முதலில் அவரை அழைத்தார்கள். பிறகு ஸ்டெல்லாவை. அவள் வெளியே வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவதாக என்னை. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, சளி பிடித்திருந்த மனிதர். காகிதத்தில் எழுதி வைத்திருந்த கேள்வியைத் தலை நிமிராமல் வாசித்தார். ஸ்டோர் பொறுப்பாளர் தம் கையால் சுத்தியலைக் கொண்டு இயந்திரத்தின் மூடியில் அடித்ததை நான் நேரில் பார்த்தேனா?

பார்த்தேன் என்றேன். எழுதிக்கொண்டார். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகலாம் என்றார்.

எந்த அடியில் உடைந்தது என்று அவர் கேட்கவில்லை.